அயல் ஆலயத்தின் வாசற்படி

கொடைக்கானல் மலைக்குக் கிறிஸ்தவம் பல வழிகளில் ஏறி வந்தது. 1845-ஆம் ஆண்டு, சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தம்மவர் சிலரைப் பறிகொடுத்திருந்த மதுரை அமெரிக்க மிஷனார், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் தங்கள் முதல் இரு வீடுகளைக் கட்டினர். அவர்களுக்குப் பின் நம் இயேசு சபைக் குரு லூயி சேன் சீர் அடிகளார் வந்தார். 1866-இல் சலேத் அன்னையின் ஆலயம் எழுந்தது. 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. லூத்தரன் சபையாரும் வந்தனர். ஆம்பூர், நாகர்கோவில் பகுதிகளில் உழைத்த மிசௌரி லூத்தரன் மிஷன், தன் மிஷனரிமாரின் கோடைகால ஓய்வுக்காகவும் அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்காகவும் 'லாக் எண்ட்' என்னும் வளாகத்தை இம்மலையில் வைத்திருந்தது.

ஒரே மூடுபனி எல்லார் கூரைகளின் மீதும் இறங்கியது. ஆயினும் ஞாயிறன்று ஒருவர் வாசற்படியை மற்றவர் மிதிப்பது அரிதினும் அரிதாகவே இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1258-ஆம் விதி, பிற சபையாரின் வழிபாட்டில் கத்தோலிக்கர் முனைந்து பங்கேற்பதைத் தடை செய்தது. திருமணம், அடக்கம் போன்ற வேளைகளில், தக்க காரணத்துடன், மரியாதையின் பொருட்டு வாளா உடனிருக்க மட்டுமே அது இடங்கொடுத்தது. மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, சொந்த உறவினரின் அடக்க வழிபாட்டின்போதுகூட ஆலயத்திற்கு வெளியே நின்றுவிட்ட பெரியவர்களைப் பற்றி நம் குடும்பங்களில் இன்றும் பேசுவதுண்டு. அவர்களை அங்கே நிறுத்தியது சட்டம் மட்டுமன்று. இரு நூற்றாண்டுக் காலச் சொற்போரின் நினைவுமாகும்.

அச்சொற்போர் சோழமண்டலக் கடற்கரையில் தொடங்கியது. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினர். மறு ஆண்டே அங்கு ஓர் ஆலயம் எழுந்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அவர்தம் போதனையை எதிர்த்து வீரமாமுனிவர் 'பேதகமறுத்தல்', 'லூத்தரினத்தியல்பு' ஆகிய நூல்களை இயற்றினார். தமிழ் உரைநடை இந்த வாதத்தால் வளம்பெற்றது என்பது உண்மை. உறவுகள் வறண்டன என்பதும் உண்மையே.

வாதத்தின் அடியில் ஒரு கொடுக்கல் வாங்கலும் இருந்ததை நாம் மறத்தலாகாது. சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708-இல் ஒரு பட்டியல் வகுத்தார். அதில் கத்தோலிக்கர் எழுதிய நூல்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. நம் குருக்கள் உருவாக்கிய மறைச் சொற்களை அவர் அந்நூல்களிலிருந்தே கற்றார். இறைவனைக் குறிக்க நம்மவர் ஆண்ட 'சருவேசுரன்' என்னும் சொல் அவருடைய புதிய ஏற்பாட்டிலும் இடம்பெற்றது. நம்மைச் சாடிய நாவும் நம் சொல்லைக் கொண்டே செபித்தது! 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார் லூத்தரன் கவிஞர். அவர் தந்தையாரோ கத்தோலிக்கராய் இருந்தவர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, 'பதிதர்' என்று வழங்கிய பழஞ்சொல்லை விலக்கிப் 'பிரிந்த சகோதரர்' என்னும் சொல்லை நமக்குக் கற்பித்தது. லூத்தரின் ஐந்நூறாம் பிறந்த ஆண்டாகிய 1983-இல், டிசம்பர் 11 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமை நகரின் லூத்தரன் ஆலயத்திற்குச் சென்று இறைவார்த்தை வழிபாட்டில் பங்கேற்று மறையுரை ஆற்றினார். பேதுருவின் வழிவந்தவர் ஒருவர் லூத்தரன் ஆலயமொன்றில் அடியெடுத்து வைத்தது அதுவே முதன்முறை.

நாமும் சமவெளியில் தமிழ் லூத்தரன் ஆலயம் ஒன்றின் ஞாயிறு வழிபாட்டில் முதன்முறையாக அமர்ந்தோம். அந்நியத்தை எதிர்பார்த்துச் சென்ற நம்மை வியக்க வைத்தது அங்கிருந்த நெருக்கமே. பாவ அறிக்கை, இரக்க மன்றாட்டு, வானதூதரின் புகழ்ப்பா, நிருபம், நற்செய்தி, விசுவாசப் பிரமாணம் என எல்லாம் நாம் அறிந்த வரிசையிலேயே வந்தன. நாம் 'பரலோகம்' என்று சொல்லி வளர்ந்த இடத்தில் அவர்கள் 'பரமண்டலம்' என்றனர், தந்தை ஒருவரே. காரணம் வரலாற்றில் உள்ளது. லூத்தர் 1523-இல் வகுத்த வழிபாட்டு முறை உரோமைத் திருப்பலியின் கட்டமைப்பையே பின்பற்றியது. பலியொப்புக்கொடுத்தலைக் குறிக்கும் மன்றாட்டுகளை மட்டும் அவர் நீக்கினார். ஒற்றுமையும் வேற்றுமையும் அங்கே ஒருங்கே நின்றன. இன்னோர் எண்ணமும் நம்மைத் தாழ்மைப்படுத்தியது. நம் முன்னோர்க்குத் தமிழில் செபங்களும் பாடல்களும் இருந்தன. பீடத்தின் மொழியோ இலத்தீன். சங்கத்திற்குப் பின்னரே நம் திருப்பலி தமிழ் பேசியது. அவர்களோ அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே வழிபாட்டில் தமிழ் கேட்டவர்கள்.

பின்னர் திருவிருந்து தொடங்கிற்று. மக்கள் எழுந்து பீடத்தண்டை சென்று முழந்தாளிட்டனர். நாம் இருக்கையிலேயே இருந்தோம். நற்கருணையைப் பற்றியும் குருத்துவத்தைப் பற்றியும் நம்மிடையே நிலவும் வேறுபாடு தீரவில்லை. தீராததைத் தீர்ந்ததாய் நடிப்பது அன்பாகாது. 1993-இல் வெளியான ஒன்றிப்பு நெறிமுறைத் தொகுப்பு, பிற சபையாரின் வழிபாட்டில் நாம் கலந்து செபிப்பதை ஊக்குவிக்கிறது. அவர்தம் திருவிருந்தில் பங்குகொள்ள இசைவதில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக மன்றத்தாரும் ஒப்பமிட்ட கூட்டு அறிக்கை, மனிதன் அருளால் இறைவனுக்கு ஏற்புடையவனாதல் குறித்த அடிப்படை உண்மைகளில் இசைவை அறிவித்தது. 1517-இல் மூண்ட சண்டையின் மையக் கேள்வி அதுவே. எனினும் மேசை இன்னும் ஒன்றாகவில்லை.

இதன் வலியை மிகுதியாய்ச் சுமப்போர் இறையியலார் அல்லர். ஒரே வீட்டில் இரு சபையாராய் வாழும் கணவனும் மனைவியுமே. 2015 நவம்பர் 15 அன்று உரோமையின் அதே லூத்தரன் ஆலயத்தில், கத்தோலிக்கரை மணந்த பெண்மணி ஒருவர் இத்துயரைத் திருத்தந்தை பிரான்சிஸிடம் கேள்வியாகவே வைத்தார். திருத்தந்தை புதுச்சட்டம் எதுவும் கூறவில்லை. ஆண்டவரிடம் பேசி முன்செல்லுங்கள் என்னும் பொருள்பட விடையளித்தார். அன்று அவர் அச்சபைக்கு அளித்த பரிசு ஒரு திருக்கிண்ணம்.

ஆகவே, அயல் ஆலயத்திலிருந்து திருமண அழைப்போ அடக்கச் செய்தியோ நம் இல்லங்களுக்கு வரும்போது, வாசலில் நின்றுவிடாமல் உள்ளே செல்வோம். அவர்களோடு செபிப்போம், பாடுவோம், இறைவார்த்தைக்குச் செவிமடுப்போம். திருவிருந்து வேளையில் இருக்கையில் தங்கி, அந்தப் பசியையே செபமாக்குவோம். எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டுமென இறுதி இரவுணவின்போது மன்றாடிய ஆண்டவர், அந்தப் பசியை அறிவார்.