உயரமான பிள்ளையை எப்படிப் பார்ப்பது? – ஒரு சின்ன வரலாறு

 

போன கிழமை பாடசாலைக்கு ஒரு தாய் வந்தார். தரம் 8இல் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளை என்னை விட ஒரு தலை உயரம். "டீச்சர், எல்லாரும் சொல்றாங்க இவள வலைப்பந்துல போட்டா தர்ஜினி மாதிரி வருவாளாம். நீங்க பார்த்துச் சொல்லுங்க, வருவாளா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்குக் காரணம் நான் முன்பு விட்ட ஒரு பிழை. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் இதே கேள்வியை அமெரிக்கக் கூடைப்பந்து உலகம் எண்பது வருடங்களாகக் கேட்டு வருகிறது. நிபுணர்களை வைத்து, பெருந்தொகைப் பணம் செலவழித்துக் கேட்டும் திரும்பத் திரும்பப் பிழைத்திருக்கிறது. அந்தக் கதை நமக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அங்கே பல்கலைக்கழகங்களில் ஆடும் இளைஞர்களை ஒவ்வொரு வருடமும் என்.பி.ஏ. தொழில்முறை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்யும். இதற்கு ட்ராஃப்ட் என்று பெயர். பொதுவாக, போன வருடம் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முதலில் எடுக்கும் வாய்ப்பு. கூடையின் உயரம் 10 அடி. ஆகவே 7 அடி உயரமான பையன் ஒருவன் கண்ணில் பட்டால் எல்லாருக்கும் ஆசை வந்துவிடும். பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

1940களின் ஆரம்பத்தில் ஜோர்ஜ் மைக்கன் என்ற 6 அடி 10 அங்குலப் பையன் இருந்தான். தடித்த கண்ணாடி, தடுமாறும் நடை. நோட்டர்டேம் பல்கலைக்கழகம் அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அந்தக் காலத்தில் மிக உயரமானவர்கள் கூடைப்பந்துக்குச் சரிவரமாட்டார்கள், அசைய மாட்டார்கள் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்தில் ரே மேயர் என்ற இளம் பயிற்றுநர் அவனை எடுத்தார். கயிறு பாய வைத்தார். குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்தார். நடன வகுப்புக்கும் அனுப்பினார். கூடைக்குக் கீழே நின்று வலக் கையால் ஒன்று, இடக் கையால் ஒன்று என்று ஓயாமல் போட வைத்தார். இன்றும் உலகம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பயிற்சிக்கு 'மைக்கன் ட்ரில்' என்றுதான் பெயர். மைக்கன் பின்னர் மின்னியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியோடு ஆறு பருவங்களில் ஐந்து சம்பியன் பட்டங்கள் வென்றார். அவரைத் தடுக்க வழியில்லாமல் 1951இல் கூடைக்கு முன்னால் உள்ள தடைப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள்.

இந்தப் பிழை 1956இல் வேறு மாதிரி வந்தது. பில் ரஸல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு 1955, 1956 இரண்டு வருடமும் தேசிய பட்டம் வென்று கொடுத்தவர். ஆனாலும் முதல் தெரிவு உரிமை வைத்திருந்த ரொசெஸ்டர் அணி அவரை விட்டுவிட்டு சைஹியூகோ கிரீன் என்பவரை எடுத்தது. இரண்டாவதாக எடுத்த செயின்ட் லூயிஸ் அணி, இரண்டு வீரர்களுக்குப் பதிலாக ரஸலை பொஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. ரஸல் பெரிதாகப் புள்ளி அடிப்பவர் அல்ல. எதிரணியின் பந்தைத் தட்டிவிடுவதும், அப்படித் தட்டும் பந்தைத் தன் அணி ஆளிடமே விழவைப்பதும்தான் அவரது வித்தை. அந்த நாட்களில் தடுத்த பந்துகளை யாரும் கணக்கெழுதவில்லை. என்.பி.ஏ. அதை எண்ணத் தொடங்கியது 1973–74 பருவத்தில்தான், ரஸல் ஓய்வு பெற்ற பிறகு. கணக்கில் ஏறாத திறமையோடு அவர் 13 பருவங்களில் 11 சம்பியன் பட்டம் வென்றார். நாங்கள் ஆசிரியர்களும் புள்ளி அட்டையில் இடமில்லாத திறமையை எத்தனை தடவை காணாமல் விட்டிருப்போம்!

அடுத்தது 1984. எல்லாரும் பேசுவது இந்த வருடத்தைத்தான். முதல் தெரிவு யாருக்கு என்று நாணயம் சுண்டினார்கள். ஹூஸ்டன் வென்று, ஹக்கீம் ஒலாஜுவொனை எடுத்தது. இரண்டாவதாக போர்ட்லண்ட், கென்டக்கி பல்கலைக்கழகத்தின் 7 அடி 1 அங்குல சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக மிஞ்சியிருந்தவரை சிக்காகோ எடுத்தது. அவர் பெயர் மைக்கல் ஜோர்டன்.

போவி திறமை இல்லாதவர் அல்ல. கால் எலும்பு முறிவால் பல்கலைக்கழகத்திலேயே இரண்டு பருவங்களை முழுதாக இழந்திருந்தார். வைத்தியர்கள் பார்த்துச் சரி என்றார்கள், உயரத்தைப் பார்த்து அணியும் சரி என்றது. போர்ட்லண்டில் ஐந்து பருவங்களின் 410 போட்டிகளில் அவரால் ஆட முடிந்தது 139இல் மட்டும். கால் திரும்பத் திரும்ப உடைந்தது. அது அவரது குற்றம் அல்ல. ஆனால் இன்று வரைக்கும் அவர் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பிழையாகத் தெரிவு செய்தவர்களை விட, தெரிவானவர்தான் அந்தச் சுமையைத் தூக்குகிறார்.

ஹக்கீமோ லாகோஸ் நகரத்துப் பிள்ளை. முதலில் ஆடியது உதைபந்தும் கைப்பந்தும். கூடைப்பந்தைத் தொட்டதே பதின்ம வயதின் பிற்பகுதியில். 1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் வந்தவர் முதல் வருடம் போட்டியில் இறங்கவே இல்லை. அடுத்த வருடமும் சாதாரணம்தான். கோடைக் காலங்களில் மோசஸ் மலோன் என்ற பெரும் வீரரோடு மோதி மோதிப் பழகினார். உதைபந்தில் பழகிய கால்கள் இங்கே வேலை செய்தன. 1994, 1995 இரண்டு வருடமும் ஹூஸ்டன் சம்பியன். 1995 பெப்ரவரி முழுக்க ரமழான். நோன்போடு ஆடி அந்த மாதத்தின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். முதல் வருடத்திலேயே அவரை அளந்து முடிவு சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

2009இல் தான்சானியாவின் ஹஷீம் தபீத் இரண்டாவது தெரிவு. உயரம் 7 அடி 3 அங்குலம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் எதிரிகளின் பந்தைத் தட்டித் தள்ளியவர். என்.பி.ஏ.யில் ஐந்து பருவங்களில் சராசரி 2.2 புள்ளிகள். அதே வருடம் ஏழாவதாகப் போனவர் ஸ்டீபன் கறி. காரணம் விளங்கக் கஷ்டமில்லை. பல்கலைக்கழகத்தில் 7 அடி ஆள் தன்னைப் போல் இன்னொருவரைச் சந்திப்பது அரிது. கூடையடியில் எவ்வளவு நேரமும் நின்று காவல் காக்கலாம். தொழில்முறையில் ஒவ்வொரு இரவும் எதிரில் ஒரு மலை. 2001இலிருந்து, எதிராளியை நெருங்கிக் காக்காமல் கூடையடியில் 3 செக்கனுக்கு மேல் நிற்கவும் முடியாது. சின்ன, வேகமான ஆட்டக்காரர்கள் அவரைத் தூரத்துக்கு இழுத்துப் போவார்கள். அங்கே உயரம் உதவாது, பக்கவாட்டில் நகரும் கால் வேண்டும்.

நம் பக்கத்திலும் இரண்டு பேர். பஞ்சாப் வம்சாவளி சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், 360 இறாத்தல். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அசைக்க முடியாத ஆள். 2014இல் எந்த அணியும் எடுக்கவில்லை. 2015 ஏப்ரலில் சக்ரமெண்டோவுக்காக இறங்கி, என்.பி.ஏ.யில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரரானார். ஆடியது மூன்றே போட்டிகள். அதே வருடம் பஞ்சாப் கிராமத்துப் பிள்ளை சத்னாம் சிங்கை டலஸ் 52ஆவது தெரிவாக எடுத்தது. அவர் பல்கலைக்கழக அணியில் ஆடாமலே வந்தவர். ஒரு என்.பி.ஏ. போட்டியிலும் இறங்கக் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் நம்முடைய தர்ஜினி சிவலிங்கம்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 6 அடி 10 அங்குலம். 2009, 2018 ஆசிய வலைப்பந்துச் சம்பியன் அணிகளில் இருந்தவர். அவுஸ்திரேலியாவிலும் ஆடியிருக்கிறார். 2023இல் 44 வயதில் கேப் டவுன் உலகக் கிண்ணத்தில் ஆடினார். வலைப்பந்தின் வளையமும் 10 அடிதான். ஆனால் தடுப்பவர் 3 அடி தள்ளி நிற்க வேண்டும், பந்தை 3 செக்கனுக்குள் விட வேண்டும், பின்னால் பலகை கிடையாது. ஆகவே உயரத்துக்கு இங்கே மதிப்பு அதிகம். ஆனால் உயரப் பறந்து வரும் பந்தைப் பிடிக்கும் கையும், பலகையில்லாத வளையத்தில் பிழையாமல் போடும் கையும் பிறப்பில் வருவதில்லை. நாங்கள் அவரது உயரத்தைப் பேசுகிறோம். அந்தக் கை பழகிய வருடங்களைப் பேசுவதில்லை.

இப்போது என் பிழை. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு உயரமான பிள்ளையை வலய மட்டப் போட்டிக்கு வளையத்தடியில் நிறுத்தினேன். பந்து பிடிக்கவே நான் அவளுக்குச் சரியாகப் பழக்கியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தவறவிட்டாள். "இவ்வளவு உசரம் இருந்து என்ன பிரயோசனம்?" என்று எல்லார் முன்னாலும் மைதானத்தில் கத்தினேன். அடுத்த தவணை அவள் விளையாட்டுக்கு வரவில்லை. அதன் பிறகு நடக்கும்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டே நடந்தாள். அந்தப் பிள்ளையிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்ஷா அல்லாஹ், தேடிப்போய்க் கேட்பேன்.

அதனால் அந்த உம்மாவிடம் சொன்னது இதுதான்: "வருவாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தவணை போட்டி ஒன்றும் வேண்டாம். கயிறு பாயட்டும், பந்து பிடிக்கட்டும், ஓடட்டும். அவளுக்கு விருப்பமா என்று முதலில் அவளிடம் கேட்போம்." பிள்ளையிடம் கேட்டேன். "பந்து பிடிக்கப் பழகணும் டீச்சர்" என்றாள்.

ஊரில் முன்பு வலைப்பந்தோ கூடைப்பந்தோ ஆடிய சகோதரிகள் யாரும் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வந்து பழக்கினாலும் போதும். நான்கு கயிறும் இரண்டு பந்தும் இருக்கிறது. பழக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.