காண்டா கம்பும் கேமராப் பையும்

மூன்று வாரமாக ஒரு பை தேடிக்கொண்டிருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஈப்போவில் பொறியியல் வேலை. மடிக்கணினி, சாப்பாட்டு டப்பா, குடை. சனி ஞாயிறில் ஆயர் தாவார் சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருக்கும் லயங்களையும் தோட்டக் கோயில்களையும் படமெடுக்கப் போவேன். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ். இரண்டுக்கும் ஒரே பை வேண்டும். ஒற்றைத் தோளில் மாட்டும் பழைய பையால் வலது தோள் இறங்கிவிட்டது. தைலம் தேய்க்கும்போது பாட்டி சொன்னார்: "ஒத்தத் தோளுல சுமந்தா வலிக்காம என்னய்யா செய்யும்? காண்டாவுல ரெண்டு வாளியும் சமமா இருந்தாத்தான் மேடு ஏற முடியும்."

பாட்டி பால்மரம் வெட்டியவர். காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, ஸ்டோர் வரை நடந்தவர். அவர் பேச்சுக்குப் பிறகுதான் பையை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட ஆரம்பித்தேன். கேமரா இந்தப் பக்கம் வந்த காலத்தில் அதன் சுமையைத் தூக்கியது யார்?

1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய ஈரத்தகடு முறையில் பை என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவ வேண்டும். நம்மூர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் காயும். ஆகவே படக்காரர் போகும் இடமெல்லாம் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள், தண்ணீர் எல்லாம் கூடவே போகும்.

தமிழ்நாட்டில் லின்னேயஸ் டிரைப் இதற்கு ஒரு வழி கண்டார். மதராஸ் மாகாண அரசின் படக்காரராக 1857-58இல் மதுரை, தஞ்சாவூர் பக்கம் போனபோது பெரும்பாலும் காகித நெகட்டிவ்களையே பயன்படுத்தினார். காகிதம் கண்ணாடியைவிட இலேசு, உடையாது, முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம். அப்படியும் சாமான்களுக்கு மாட்டு வண்டிகள் தேவைப்பட்டன. கூடவே சி. ஐயாசாமி என்ற உதவியாளரும் இருந்தார். மதராஸ் தொழில்கலைப் பள்ளியோடு தொடர்புடையவர். பெரிய கோயிலின் அந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்வது அபூர்வம். ஆனாலும் பெயராவது தங்கிவிட்டது.

பினாங்கில் அதுவும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் 1862இல் சிங்கப்பூருக்கு வந்தார். அந்தக் காலத்தில் பினாங்கிலும் சில மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். 1875இல் வெளிவந்த தன் பயண நூலில், படங்களை அச்சிடவும் உதவிக்கும் இரண்டு பேரைப் பழக்கியதாகக் குறிப்பிடுகிறார். மனிதக் கை படாமல் உருவம் எடுப்பது பேய் வேலை என்று சீனர்கள் ஒதுங்கிவிட்டார்களாம். ஒத்துக்கொண்டவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள். அவர்களை அவர் 'கிளிங்' என்கிறார். இன்றைக்கு நம்மைச் சீண்டச் சொல்லப்படும் அதே சொல். அந்தக் குறிப்பில் பெயர் இல்லை.

படித்ததும் கோபம் வந்தது. வெள்ளி நைட்ரேட்டில் விரல் கறுத்து, வெயிலில் அச்சு எடுத்த நம் ஆட்கள் இரண்டு பேர். இந்த மண்ணின் ஆரம்பகாலப் படத்தொழிலாளர்களில் அவர்களும் உண்டு. யாருடைய பாட்டனோ! இனித் தேடிப் பிடிக்க வழியே கிடையாது.

பிறகு சுமை குறைந்தது. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஆஸ்கர் பர்னாக், ஆஸ்துமாத் தொல்லையால் பெரிய தகடு கேமராவைச் சுமந்து நடக்க முடியாமல், சினிமாப் பிலிமைப் போட்டு ஒரு சிறு கேமரா செய்தார். அதுதான் 1925இல் விற்பனைக்கு வந்த லைகா. கேமராப் பைக்கும் இதே கதைதான். 1970களில் பிலடெல்பியா பத்திரிகைப் படக்காரர் ஜிம் டோம்கி தன் வேலைக்குத் தோதாகக் கித்தான் பை தைத்துக்கொண்டார். மலையேறியான கிரெக் லோ, முதுகோடு ஒட்டி எடையைத் தாங்கும் உள்சட்டப் பையை உருவாக்கினார். அவர் தொடங்கிய லோப்ரோ பிறகு கேமராப் பைகளுக்குப் பெயர் பெற்றது. வலி கண்டவர்கள்தான் வழி கண்டிருக்கிறார்கள்.

தோட்டத்துக்குக் கேமரா வந்த கதை வேறு. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை கட்டாயமானது. "மொதப் படம் ஐ.சி. படந்தான், சிரிக்காதேன்னு சொன்னாங்க" என்பார் பாட்டி. அந்தப் படத்தில் முகமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. ஆனால் அது நம்மைக் கணக்கெடுக்க எடுத்தது.

அன்றிரவு என் படக்கோப்புகளைத் திறந்து பார்த்தேன். 'தோட்டத் தாத்தா 3', 'பால்மரம் வெட்டும் அம்மா', 'கோயில் பூசாரி'. நான்கு வருடப் படங்கள். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. தாம்சன்மேல் பட்ட கோபம் அத்தோடு அடங்கிவிட்டது. அவரைப் போல நானும் வேலையை வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்காமல் வந்திருக்கிறேன்.

கடைசியில் 20 லிட்டர் பை ஒன்று வாங்கினேன். வெறும் பையே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தால் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். கனமான லென்ஸ் முதுகெலும்பை ஒட்டி உட்கார வேண்டும். வெளியே தள்ளினால் பை பின்னால் இழுக்கும். பக்கவாட்டில் திறக்க வேண்டும்; அப்போதுதான் சேற்றில் இறக்கி வைக்காமல் கேமராவை எடுக்கலாம். உள்ளிருக்கும் மெத்தைத் தடுப்பைக் கழற்றினால் வேலைக்குக் கொண்டுபோகும் சாதாரணப் பையாக வேண்டும். மழையுறை கட்டாயம், மஞ்சோங் வானத்தை நம்ப முடியாது. பார்த்தால் கேமராப் பை என்று தெரியவும் கூடாது.

பட்டியலில் கடைசியாகச் சேர்த்தது முன்பக்கச் சின்னப் பாக்கெட். அதில் ஒரு நோட்டும் பேனாவும். போன சனிக்கிழமை பழைய லயத்துக்கே மறுபடி போய், 'தோட்டத் தாத்தா 3' வீட்டுக் கதவைத் தட்டினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "அவரு மக வீட்டுக்குப் போயிட்டாரு, தைப்பூசத்துக்கு வருவாரு" என்றார். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அக்காவின் பெயரையும்.