பிறவிக் குறையா, பின்னால் பட்ட காயமா? – நாணயங்களில் பிழையும் சிதைவும்

காசைச் சோதித்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிய தொழில் இல்லை. சங்கப் புலவர் வரிசையில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்ற பெயர்களைக் காண்கிறோம். 'வண்ணக்கன்' என்பதற்கு நாணயப் பரிசோதகன் என்று அறிஞர்கள் பொருள் கூறுவர். பிற்காலத்தில் அந்த வேலையைச் சராப்புகள் செய்தார்கள். இப்போது அது நம் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. "இந்த ஒரு ரூபாய் உங்ககிட்ட இருக்கா? லட்சக்கணக்கில் விலை போகும்!" என்று கைப்பேசியில் படங்கள் வருகின்றன. உடனே நாம் பரணில் இருக்கும் தாத்தாவின் தகர டப்பாவை இறக்கி, கோணல்மாணலான காசு ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறோம். கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அது நாணயச்சாலையிலேயே பிழையோடு பிறந்ததா, வெளியே வந்தபின் அடிபட்டதா என்பதே கேள்வி. முன்னதற்கு மதிப்பு உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் முகமதிப்புகூடத் தேறாது.

'நாணயப் பிழை' என்ற எண்ணமே இயந்திரத்தோடு வந்ததுதான். சோழர் காசும் விஜயநகர வராகனும் முகலாய ரூபாயும் கையால் அடிக்கப்பட்டவை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் உலோக வில்லை, ஓங்கி ஒரு சம்மட்டி அடி, அவ்வளவுதான். முகலாய ரூபாய்களில் அச்சு பெரிதாகவும் வில்லை சிறிதாகவும் இருந்ததால் பாதி எழுத்து வெளியே போய்விடும். அது அந்தக் காலத்து வழக்கம். "மையம் விலகிய அபூர்வ முகலாயக் காசு" என்று யாராவது விற்க வந்தால், "எல்லாமே அப்படித்தானே ஐயா" என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

நிலைமை மாறியது நம் கொல்கத்தாவில்தான். ஸ்டிராண்டு ரோட்டில் 1824-இல் அடிக்கல் நாட்டப்பட்ட நாணயச்சாலை 1829-இல் வேலையைத் தொடங்கியது. போல்டன்–வாட் நிறுவனத்தின் நீராவி இயந்திரங்கள் இங்கும் பம்பாயிலும் வந்து இறங்கின. 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 180 கிரெயின், அதாவது சுமார் 11.66 கிராம் எடையுள்ள ஒரே ரூபாய் வந்தது. இங்கே உலோகப் பரிசோதனை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப் இந்த ஒரே சீரான முறைக்காக வாதாடியவர். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவரும் அவரே. எல்லாக் காசும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற விதி வந்த பிறகுதான் மாறுபட்டு வந்த காசைப் பிழை என்று சொல்ல முடிந்தது. (நம் சென்னையின் நாணயச்சாலை 1869-இல் மூடப்பட்டது, அதன் நினைவாகத் தங்கசாலைத் தெருவின் பெயர் மட்டும் நிற்கிறது.)

பிழையைப் புரிந்துகொள்ள, காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் போதும். உலோகத் தகட்டை நீளமாக உருட்டி, அதிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுவார்கள். வில்லையைக் காய்ச்சி மென்மையாக்கி, ஓரத்தை உயர்த்தி, பிறகு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். அப்போது வில்லையைச் சுற்றி ஒரு எஃகு வளையம் இருக்கும். உலோகம் பிதுங்காமல் அதுதான் தடுக்கிறது. இந்தப் படிகளில் ஒன்றில் நிகழ்ந்த தவறுதான் உண்மையான பிழை. "எந்தப் படியில் இது நடந்திருக்க முடியும்?" என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அது பெரும்பாலும் வெளியே பட்ட அடிதான்.

முதலில் கோடு. அச்சில் விரிசல் விழுந்தால் அந்த விரிசலுக்குள் உலோகம் புகும். ஆகவே காசில் அது மேடாக நிற்கும். வெளியே கீறினால் பள்ளம்தான் விழும். நகத்தால் தடவிப் பாருங்கள். மேடு என்றால் மேலே ஆராயலாம். பள்ளம் என்றால் அநேகமாகக் கீறல்தான்.

அடுத்தது பிறைபோல் ஓரம் குறைந்த காசு. தகடு சரியாக நகராமல், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டும் கருவி விழுந்தால் வில்லையில் பிறை வடிவக் குறை வரும். அப்படிப்பட்ட காசில், குறைக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பும் பல சமயம் மங்கியிருக்கும். ஓரத்தை உயர்த்தும்போது அந்த இடத்தில் போதிய அழுத்தம் கிடைக்காததே காரணம். அரத்தால் ராவியதிலோ கத்தரித்ததிலோ எதிர்விளிம்பு கம்பீரமாக நிற்கும். வெட்டுவாயில் கருவியின் தடமும் தெரியும்.

மூன்றாவது, அகன்று விரிந்த காசு. வளையம் இல்லாமல் அச்சு விழுந்தால் உலோகம் எல்லாப் பக்கமும் பரவும். ஆனால் நடுவில் உள்ள உருவமும் எழுத்தும் தெளிவாக இருக்கும். நம் பிள்ளைகள் டிராம் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய அலுமினியப் பைசாவைப் பாருங்கள். அதில் சிங்கமும் எழுத்தும் ஒரே திசையில் இழுபட்டு மழுங்கியிருக்கும். இதையும் அபூர்வம் என்று விற்பவர் உண்டு.

நான்காவது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுத்து இடம் வலமாக மாறிப் பள்ளமாகப் பதிந்த காசு. அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையை அழுத்தும்போது இது நிகழ்கிறது. சேகரிப்போர் மிக விரும்புவது இதையே. அதனால் போலியும் அதிகம். இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெருக்கினாலும் தலைகீழ் எழுத்து விழும். ஆனால் அதன் அடியில் பழைய உருவம் நசுங்கிக் கிடப்பது பூதக்கண்ணாடியில் தெரிந்துவிடும். உண்மையானதில் அந்தப் பக்கத்துக்குரிய வழக்கமான உருவமே இருக்காது.

ஐந்தாவது, திரும்பிய முகம். நம் காசைப் புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் திருப்பினால் இரு முகமும் நேராக நிற்க வேண்டும். அச்சு இறுக்கம் தளர்ந்து சுழன்றால் ஒரு முகம் சாய்ந்தோ தலைகீழாகவோ வரும். சிறு சாய்வு சாதாரணம். முழுத் தலைகீழ் என்றால், இரு பாதிகளை ஒட்டிய இணைப்புக் கோடு விளிம்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரு உலோகப் பத்து ரூபாயிலும் எச்சரிக்கை தேவை: நடு வில்லையைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்தும் கைவேலை உண்டு. எழுத்தோ உருவமோ வளையத்துக்கும் வில்லைக்கும் நடுவே தொடர்ச்சியாக ஓடுகிறதா, சந்தில் சுரண்டல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பிழையே இல்லாததைப் பிழை என்பதும் நடக்கிறது. "இதுல மின்ட் மார்க்கே இல்ல சார், ரேர் பீஸ்" என்பார்கள். ஆண்டின் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் நம் கொல்கத்தா! 1952 முதல் அலிப்பூரில் இயங்கும் சாலையின் அடையாளமே அந்த வெற்றிடம்தான். கோடிக்கணக்கில் அடித்ததை அபூர்வம் என்று நம்மிடமே விற்கப் பார்க்கிறார்கள்.

கடைசிச் சோதனை தராசு. 1992-இல் அறிமுகமான எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம். அமிலத்தில் கரைத்து மெலிய வைத்த காசு எடையில் காட்டிக்கொடுத்துவிடும். நகைக்கடைத் தராசில் ஒரு நிமிட வேலை.

அப்படியானால் அடிபட்ட காசு குப்பையா? வியாபாரிக்கு வேண்டுமானால் அப்படி இருக்கலாம். வரலாற்றுக்கு அப்படி இல்லை. 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின்மேல் உளி வெட்டு. புழக்கத்திலிருந்து நீக்கவே வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். எப்படியானாலும், இறக்குமதியான காசை இங்கே ஒருவர் கையில் எடுத்து, யோசித்து, உளி வைத்திருக்கிறார் என்பதற்கு அந்தக் காயமே சான்று. பழைய வெள்ளி ரூபாயில் சராப்பு இட்ட சிறு முத்திரையும் அப்படியே. விக்டோரியா ரூபாயின் தலைமாட்டில் பற்றவைத்த தடம் இருந்தால், உங்கள் கொள்ளுப்பாட்டி கழுத்தில் அது மாலையாகத் தொங்கியிருக்கலாம். விலை குறைகிறதே என்று அதைச் சுரண்டி எடுத்தால் போவது குடும்பக் கதை.

ஆகவே டப்பாவைத் திறப்போருக்குச் சில வேண்டுகோள்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், சான்று போய்விடும். எடை, ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். காசை வேண்டுமென்றே சிதைப்பது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பழைய காசை வாங்குவதாகச் சொல்லி முன்பணம், கமிஷன், வரி கேட்டால் ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். இத்தகைய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021-இலேயே எச்சரித்திருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள்தாம் இதில் அதிகம் சிக்கக்கூடியவர்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல். பிழையை அறிந்தவர் ஏமாற மாட்டார். சிதைவை மதிப்பவர் மற்றவரை ஏமாற்ற மாட்டார். வண்ணக்கன் வேலைக்கு இந்த இரண்டும் வேண்டும்.