தறிவீட்டின் காற்றும் தண்ணீரும்: காஞ்சி வட்டாரத்தில் நோய் பரவும் களம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு என்ற வாய்க்காலையும் அது பதிவு செய்கிறது. ஏரியும் கோயில் குளமும் திருவிழாவுமாக வாழும் இந்த வட்டாரத்தில் காய்ச்சல் பரவினால், ஐயம் முதலில் செல்வது இந்தப் பொது இடங்களின் மீதுதான். தெருவில் புகை அடிக்கிறார்கள், ஓரங்களில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். ஆனால் தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஊர்களில், மூச்சுவழித் தொற்றுக்கும் கொசுவழிக் காய்ச்சலுக்கும் முதன்மையான களம் தறிவீடுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு ஏரியில் பெருகுவதில்லை. குடத்திலும் சிமென்ட் தொட்டியிலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் தேங்கி நிற்கும் ஓரளவு தெளிந்த நீரே அதற்கு உகந்தது. முட்டைகள் பாத்திரத்தின் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் நிரம்பினால், நம் வெப்பநிலையில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். குழாய்நீர் விட்டுவிட்டு வரும் ஊரில் நீரைச் சேமிக்காமல் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே கொசுவின் பெருக்கத்துக்கு வீட்டாரின் அலட்சியத்தைவிட நீர் வழங்கும் முறையே பெரிய காரணம். இக்கொசு பகலில் கடிக்கும், பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் பறக்காது, வீட்டுக்குள் இருண்ட, ஈரப்பதமான மூலைகளில் தங்கும். குழித்தறியில் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதியை மிதித்தபடி பகல் முழுவதும் அமர்ந்திருக்கும் நெசவாளரின் நிலையை இதனோடு வைத்துப் பார்த்தால், தெருவில் அடிக்கும் புகை யாரைக் காக்கத் தவறுகிறது என்பது விளங்கும்.

மூச்சுவழி நோய்களில் சான்று இன்னும் வலுவானது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கிய ஓர் ஆய்வில், காசநோய் வார்டின் காற்றை மட்டும் சுவாசித்த கினிப்பன்றிகளுக்கு அந்நோய் தொற்றியது. தொடுதலும் பாத்திரமும் இல்லாமல் அறைக்காற்றே நோயைக் கடத்தும் என்பதற்கு அது நேரடிச் சான்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானட்டோரியத்திலும் சிகிச்சை அளித்தது. 1959இல் வெளியான முடிவு உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நெரிசலான வீடுகளில் இருந்தவர்களும் சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த உறவினருக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவுமில்லை. இதை வைத்து, வீடு ஆபத்தற்றது என்பதே சென்னை ஆய்வின் பாடம் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த வாசிப்பு பிழையானது. அந்த உறவினர்கள் அதற்கு முன்பே, நோய் கண்டறியப்படாத மாதங்களில், அதே காற்றைச் சுவாசித்து வந்தவர்கள். சிகிச்சை தொடங்கியபின் நோயாளியைப் பிரிப்பதால் தடுப்பதற்கு அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. எனவே அந்த ஆய்வு சிகிச்சைக்கு வீடு போதும் என்று காட்டுகிறதே தவிர, தொற்று வீட்டில் நிகழ்வதில்லை என்று காட்டவில்லை. வீட்டில் நிகழும் தொற்றைத் தடுப்பூசி தடுத்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்றே முடிந்தது. எஞ்சுவதில் முதன்மையானவை இரண்டு வழிகள்: நோயை விரைந்து கண்டறிவது, அறைக்காற்றை மாற்றுவது.

பட்டு நெசவில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இருவர் வேண்டும். நெய்பவரும் கரைநாடா தள்ளும் துணையாளும் பல மணிநேரம் ஒருவர் மூச்சு மற்றவருக்கு எட்டும் தொலைவில் அமர்கிறார்கள். இருமல் உள்ள ஒருவர் அந்த அறையில் இருந்தால், தொடர்பின் நேரம் அலுவலகத்தையும் பள்ளியையும்விடக் குறைவாக இருக்காது.

திருவிழாக் கூட்டம் இதைவிடப் பெரிய ஆபத்தல்லவா என்ற மறுப்பு நியாயமானது. 2019இல் காஞ்சிபுரத்தில் 48 நாள் நடந்த அத்திவரதர் வைபவம் போன்ற பெருந்திரளை யாரும் புறக்கணிக்க முடியாது. ஆனால் கொரோனா காலத்தில் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 நோயாளிகளின் 5,75,071 தொடர்புகளைப் பின்தொடர்ந்து, 2020இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். தொற்று விகிதம் பொதுவெளித் தொடர்புகளில் 2.6 விழுக்காடு, வீட்டில் 9 விழுக்காடு. நோயாளியோடு ஆறு மணிநேரமோ அதற்கு மேலோ ஒரே வாகனத்தில் நெருங்கிப் பயணம் செய்த 78 பேரிடம் அது 79.3 விழுக்காடாக உயர்ந்தது. தலைகளின் எண்ணிக்கையைவிட, மூடிய காற்றை எவ்வளவு நேரம் பகிர்ந்தோம் என்பதே எடை மிக்கது. திறந்த மாடவீதியைவிட அங்கே வந்து சேர்ந்த மூடிய வேனைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

யானைக்கால் நோய் என் வாதத்துக்கு ஒரு வரம்பு இடுகிறது. அதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடைநீரில் பெருகி, இரவில் கடிக்கிறது. காஞ்சிபுரத்தின் மஞ்சள்நீர்க் கால்வாய் போன்றவற்றில் கழிவு தேங்குவதை எந்த வீட்டாரும் தனியே சரிசெய்ய இயலாது. அங்கே பொறுப்பு முழுக்க மாநகராட்சியுடையது.

சன்னலைத் திறந்தால் பட்டு கெடும் என்பது நெசவாளர் தரப்பின் உண்மையான கவலை. வறண்ட காற்றில் இழை அறும், தூசி சேலையில் படியும். ஆயினும் காற்று பாவு நூலைத் தாக்காதபடி கூரைக்கு அருகே எதிரெதிராக இரு திறப்புகள் வைப்பது கட்டடக் கலையில் அரிய வித்தை அல்ல. இவ்வாதம் நோய்க்கு ஏழையின் வீட்டைக் குற்றம் சொல்வதாகும் என்ற மறுப்பும் எழலாம். என் குற்றச்சாட்டு வீட்டின் மீதல்ல, அதைப் பணியிடமாகக் கருத மறுத்த சட்டத்தின் மீது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 14.2 கனமீட்டர் இடமும் போதிய காற்றோட்டமும் வேண்டும் என்றது. வீட்டுத்தறியில் குடும்பமாக உழைப்பவர்களை அது தொடவே இல்லை. நெசவாளர் வீட்டுவசதித் திட்டங்கள் தறி அறைக்கு எதிரெதிர்த் திறப்புகளையும், நீர்த்தொட்டிக்கு இறுக மூடும் மூடியையும் கட்டாயமாக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் உறுப்பினருக்குச் சளிப் பரிசோதனை ஏற்பாடு செய்து, அந்த நாட்களின் கூலியையும் தர வேண்டும்.