கூட்டத்துக்கு வாடகை!

தெருவுக்குத் தெரு நீங்கள் பார்க்கிற போர்டுதான். 'கடை வாடகைக்கு விடப்படும்.' கீழே ஒரு செல்போன் நம்பர். சில இடங்களில், 'புரோக்கர்கள் அணுக வேண்டாம்' என்று கண்டிப்பான ஒரு பின்குறிப்பு. இந்த போர்டுக்கு என்ன வயசு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஐம்பது வருஷம்? நூறு வருஷம்?

கிட்டத்தட்ட 2,000 வருஷம்!

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, இத்தாலியின் பாம்பெய் நகரம் சாம்பலுக்கு அடியில் புதைந்துபோன கதை உங்களுக்குத் தெரியும். 1748-ல் அந்த இடத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். வீடுகள், கடைகள், அடுப்பிலேயே கரியாகிப்போன ரொட்டிகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடவே, சுவர்களில் பெயின்ட்டால் எழுதிய விளம்பரங்கள். அவற்றில் இரண்டு, அசல் 'டு-லெட்' போர்டுகள்!

முதல் போர்டு, மையஸ் என்கிற பெரிய மனிதருடையது. ஊர் நிர்வாகத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். சொந்தச் செலவில் கிளாடியேட்டர் சண்டைகள் நடத்தி மக்களைக் குஷிப்படுத்தியவர். அவருக்குச் சொந்தமாக ஒரு பிளாக்கே இருந்தது. 'ஜூலை 1 முதல் பரணோடு கூடிய கடைகள், மாடிக் குடியிருப்புகள், வீடு ஆகியவை வாடகைக்கு விடப்படும். தேவைப்படுவோர் மையஸின் அடிமை பிரைமஸை அணுகவும்' என்கிற ரீதியில் போகிறது விளம்பரம். புரோக்கர் வேலையை அடிமையே பார்த்துக்கொண்டிருக்கிறான், கமிஷன் இல்லாமல்!

பரண் எதற்கு? கீழே வியாபாரம், மேலே குடித்தனம். கடையை எப்படிச் சாத்துவது? வாசற்படியில் நீளமாக ஒரு பள்ளம். அதில் பலகைகளை வரிசையாகச் செருகி அடைத்துவிட வேண்டியதுதான். நம்மூர்ப் பழைய மளிகைக் கடைகளில் நம்பர் போட்ட பலகைகளை அடுக்கிக் கடை சாத்துவார்களே... அதே டெக்னிக்!

இரண்டாவது போர்டு இன்னும் சுவாரஸ்யம். உரிமையாளர் ஒரு பெண்மணி. பெயர் ஜூலியா ஃபெலிக்ஸ். நாகரிகமான குளியல் கூடம், கடைகள், பரண்கள், மாடி அறைகள் எல்லாம் ஐந்து வருஷ லீஸுக்குத் தரப்படும் என்று எழுதி வைத்திருக்கிறார். அவருடைய சொத்து எங்கே இருந்தது தெரியுமா? ஊரின் முக்கியமான வீதியில். பக்கத்திலேயே சுமார் 20,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். சண்டை நடக்கிற நாளில் ஊரே இந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒயின் விற்கிறவனுக்கும் பலகாரம் விற்கிறவனுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு போர்டிலுமே வாடகை எவ்வளவு என்று எழுதவில்லை. கடைசியில் திரும்ப இங்கே வருவோம்.

அந்தக் காலத்து வீட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜூலியஸ் சீஸர் கொல்லப்பட்ட அடுத்த மாதம், கி.மு. 44 ஏப்ரலில், சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ரோம் கொந்தளித்துக்கொண்டிருக்கிறது. கடிதத்தில் அரசியலுக்கு நடுவே வாடகைக் கவலை! 'என் கடைகளில் இரண்டு இடிந்து விழுந்துவிட்டன. மற்றதெல்லாம் விரிசல் விட்டிருக்கிறது. குடியிருந்தவர்கள் மட்டுமில்லை, எலிகளே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டன' என்பது அவர் சொல்வதன் சாரம். அதற்காக மனுஷர் கலங்கவில்லை. திரும்பக் கட்டுவதற்கு ஒரு நல்ல யோசனை கிடைத்திருக்கிறது, இந்த நஷ்டமே லாபமாகிவிடும் என்கிறார். எப்படியிருக்கிறது?

அதற்கப்புறம் ரொம்ப காலத்துக்குக் கடை வாடகையின் அடிப்படை மாறவேயில்லை. கூட்டம் எங்கே இருக்கிறதோ, அங்கே கடை. கோயில் வாசல், துறைமுகம், சந்தை, பிற்பாடு ரயில்வே ஸ்டேஷன், டிராம் நிற்கிற மூலை. கூட்டம் முதலில், கடை அப்புறம். செங்கல்லும் சுண்ணாம்பும் எந்தச் சந்தில் கட்டினாலும் ஒரே விலைதான். ஆனால், மூலைக் கடைக்கு ஒரு வாடகை, நாலு கடை தள்ளி உள்ளே இருந்தால் வேறு வாடகை. ஏன்? கடைக்காரர் கொடுப்பது சுவருக்கான காசு இல்லை. வாசலில் நடக்கிற கால்களுக்கான காசு.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது 20-ம் நூற்றாண்டு அமெரிக்கா. அங்கேதான் முதலில் கடையைக் கட்டினார்கள். அப்புறம் கூட்டத்தை வரவழைத்தார்கள்!

கான்சஸ் சிட்டியில் ஜே.சி.நிக்கோல்ஸ் என்று ஒரு ரியல் எஸ்டேட் பிரமுகர். 1920-களின் ஆரம்பத்தில், ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தை வளைத்துப்போட்டு, 'கன்ட்ரி கிளப் பிளாசா' என்ற கடை வளாகத்தைக் கட்ட ஆரம்பித்தார். 'நிக்கோல்ஸின் முட்டாள்தனம்' என்று ஊரே சிரித்தது. அவர் நம்பியது ஒன்றைத்தான். கார்! கார் வைத்திருக்கிற குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோகின்றன. கார் நிறுத்த இடம் கொடுத்தால் ஷாப்பிங்குக்கு இங்கேதானே வருவார்கள்? வந்தார்கள்.

சரி, கூட்டம் வருமா, வராதா என்று தெரியாத இடத்தில் வாடகையை எப்படி நிர்ணயிப்பது? அதற்குத்தான் 'சதவிகித லீஸ்' கை கொடுத்தது. இதை நாடு முழுக்கப் பரப்பியவர்களில் நிக்கோல்ஸ் முக்கியமானவர். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை ஒரு லட்ச ரூபாய். விற்பனையில் 5 சதவிகிதம் என்று ஒப்பந்தம். 20 லட்சம் வரைக்கும் விற்றால் வெறும் ஒரு லட்சம் போதும். 30 லட்சத்துக்கு விற்றுவிட்டீர்களா? மேலே உள்ள 10 லட்சத்துக்கு 5 சதவிகிதம், அதாவது 50,000 ரூபாய், கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வீட்டுக்காரரும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் ஓர் அகதி. பெயர் விக்டர் க்ரூவன். வியன்னாவில் 1903-ல் பிறந்த யூதர். ஆர்க்கிடெக்ட். நையாண்டி நாடகங்களில் நடிப்பதும் உண்டு. 1938-ல் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் தப்பித்து அமெரிக்கா வந்து சேர்ந்தார். கையில் வெறும் எட்டு டாலர். நியூயார்க்கில் ஒரு தோல் பொருள் கடைக்கு அவர் வடிவமைத்த முகப்பு பேசப்பட, மளமளவென்று வளர்ந்தார்.

1956-ம் ஆண்டு அக்டோபர் 8. மினியாபோலிஸ் நகரத்தை ஒட்டிய ஈடைனா என்ற ஊரில், க்ரூவன் வடிவமைத்த 'சவுத்டேல்' திறக்கப்பட்டது. முழுக்கக் கூரை போட்டு, ஏ.சி. செய்யப்பட்ட ஷாப்பிங் மால்! வெளியே பனி கொட்டினாலும் உள்ளே எப்போதும் 24 டிகிரி செல்சியஸ். 72 கடைகள். இன்று நம்மூரில் நீங்கள் சுற்றிவருகிற மால்களுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டி அதுதான்.

சவுத்டேலில் இன்னொரு புதுமை. டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்று ஜென்மப் பகையாளிகளான இரண்டு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்கள். இந்த மாதிரிப் பெரிய கடைக்கு மால் உலகத்தில் 'ஆங்கர்' என்று பெயர். நங்கூரம்! பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து ஜனங்களை இழுத்து வருவது ஆங்கர்தான். வருகிற ஜனம், போகிற வழியில் செருப்புக் கடையையும் ஐஸ்க்ரீம் கடையையும் எட்டிப் பார்க்கும்.

அப்படியானால் வாடகை? இங்கேதான் சூட்சுமம். அமெரிக்க மால்களின் லீஸ் ஒப்பந்தங்களை அலசிய ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. வாடகைக்கு விடக்கூடிய மொத்த இடத்தில் 58 சதவிகிதத்துக்கு மேல் ஆங்கர் கடைகளின் கையில். மொத்த வாடகையில் அவை கொடுத்ததோ வெறும் 10 சதவிகிதம்! மிச்சம் 90 சதவிகிதத்தைச் சுமந்தவர்கள் சின்னக் கடைக்காரர்கள். கூட்டத்தைக் கூட்டி வருகிறவருக்குச் சலுகை, வந்த கூட்டத்தில் வியாபாரம் செய்கிறவருக்கு பில்!

அநியாயமாகத் தெரிகிறதா? சின்னக் கடைக்காரர்களும் சும்மா இல்லை. ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். 'ஆங்கர் கடை மூடினால், எங்கள் வாடகையைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் காலி பண்ணுவோம்.' நியாயம்தானே? கூட்டத்துக்குத்தான் வாடகை. கூட்டம் இல்லையென்றால்?

பல வருஷம் தூங்கிய இந்த ஷரத்து பிற்பாடு கண் விழித்தது. ஆன்லைன் வியாபாரம் வளர வளர டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 2018-ல் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. 2020-ல் ஜே.சி.பென்னி. ஒரு நங்கூரம் அறுந்தால் சின்னக் கடைகளின் வாடகை குறையும், சிலர் வெளியேறுவார்கள், கூட்டம் இன்னும் குறையும், அடுத்த கடை மூடும். டெட்ராய்ட் பக்கத்தில் 1954-ல் க்ரூவன் கட்டிய நார்த்லாண்ட் மாலும் தப்பவில்லை. பல கை மாறிய அதன் ஆங்கர் கடை 2015-ல் மூடியது. அதே வருஷம் மாலுக்கும் பூட்டு! சிசரோவின் எலிகள் ஞாபகத்துக்கு வருகின்றனவா?

க்ரூவன் அதையெல்லாம் பார்க்க இல்லை. 1980-லேயே இறந்துவிட்டார். ஆனால், அதற்கு முன்பே மனசு கசந்திருந்தார். மாலைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூங்கா, ஏரி என்று வியன்னா மாதிரி ஒரு ஊரே எழும்பும் என்பதுதான் அவர் கண்ட கனவு. எழும்பியதோ கார் நிறுத்துமிடம். 1968-ல் வியன்னாவுக்கே திரும்பினார். அங்கேயும் நகரத்தின் தெற்கு எல்லையில் ஒரு பிரமாண்ட ஷாப்பிங் சென்டர், 1976-ல் முளைத்தது! இவையெல்லாம் என் பிள்ளைகள் இல்லை என்று கடைசியில் பகிரங்கமாகவே கை கழுவிவிட்டார்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். மாலில் கூட்டத்தைக் கொண்டுவந்தது ஆங்கர். சரி. மால் இல்லாத சாதாரணத் தெருவில்? ஈயாடிக்கொண்டிருந்த ஒரு மூலையில் ஒருவர் டீக்கடையோ, மெஸ்ஸோ திறக்கிறார். பத்து வருஷம் உழைக்கிறார். 'அந்தக் கடை இருக்கே, அதுக்கு எதிர்ல' என்று ஜனங்கள் வழி சொல்கிற அளவுக்கு அந்த இடம் பிரபலமாகிவிடுகிறது. உடனே வீட்டுக்காரர் வருகிறார். 'ஏரியா ரேட் ஏறிப்போச்சு சார். வாடகையை டபுளா குடுங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க.' ரேட்டை ஏற்றியது யார்?

இந்தக் கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன. பிரான்ஸில் 1926-லேயே சட்டம் வந்தது. லீஸைப் புதுப்பிக்க மறுத்தால் வியாபாரிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வழி செய்தார்கள். இங்கிலாந்தில் 1927 சட்டம், கடைக்காரர் சேர்த்த நற்பெயரால் இடத்தின் மதிப்பு கூடியிருந்தால் அதற்கு ஈடு தரச் சொன்னது. 1954-ல் இன்னும் ஒரு படி மேலே போய், புது லீஸ் கேட்கிற உரிமையையே கொடுத்தது.

இந்தியாவில் வேறு வழி. வாடகையையே கட்டிப்போட்டார்கள். பம்பாயில் 1947 சட்டம், 1940-ம் ஆண்டு வாடகையை அடிப்படையாக வைத்து உறையவைத்தது. விளைவு? கணக்கில் வராத 'பகடி' என்ற பெரும்தொகை. 1999-ல் நிறைவேறிய புதுச் சட்டம், அந்தத் தொகை வாங்குவதையே சட்டபூர்வமாக்கியது. தமிழ்நாட்டில் 1960 சட்டம். பின்னால் 1973-ல் வந்த திருத்தத்தின்படி, கடைக்கு நியாய வாடகை என்பது நிலம், கட்டடத்தின் மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 12 சதவிகிதம். வீட்டுக்காரர் நினைத்தபடி காலி பண்ணச் சொல்லவும் முடியாது. கடைக்காரருக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால், அற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தவர்களும் உண்டு. அந்த வாடகையில் சுண்ணாம்புகூட அடிக்க மனசில்லாமல், கட்டடத்தைப் பாழாக விட்ட உரிமையாளர்களும் உண்டு.

2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் பழையதை ரத்து செய்துவிட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இரண்டு பேரும் பேசி ஒப்புக்கொண்டதுதான் வாடகை. வீட்டுக்காரருக்கு இது நிம்மதி. கடைக்காரருக்கோ, பத்து வருஷ உழைப்புக்கு இனி அந்தக் காகிதம்தான் சாட்சி. எத்தனை வருஷம், வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், கெடு முடிந்தால் புதுப்பிக்கிற உரிமை யாருக்கு... இதெல்லாம் அதில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். பால் காய்ச்சுகிற சந்தோஷத்தில் பலர் படிப்பதில்லை!

இனி, பாம்பெய் சுவர். அந்த போர்டுகளில் ஏன் வாடகையை எழுதவில்லை? நம் தெரு போர்டிலும்தான் எழுதுவதில்லை. போன் பண்ணிக் கேட்டால், 'நேர்ல வாங்க, பேசிக்கலாம்' என்பார்கள். நேரில் போனால் உங்களைத் தெருவில் நிறுத்தி, 'சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க சார், என்னா கூட்டம்!' என்பார்கள். பிரைமஸும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

அப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. 'இந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்தது யாரு?' பதிலைச் சொல்லக்கூடியவர், அநேகமாக அந்தக் கடையைப் போன மாதம் காலி பண்ணிக்கொண்டு போயிருப்பார்.