ப்ரிகனின் ஒட்டுப் பலகைகள்

நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில், ஜெர்மன் வணிகர்கள் உலர்ந்த காட் மீனை ஏற்றுமதி செய்து கொழித்த இடம் ப்ரிகன். அத்தனையும் மரக் கட்டடங்கள்! 1702-ல் தீப்பிடித்துச் சாம்பலானது. பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். 1955-ல் மறுபடி தீ. இன்று எஞ்சியிருப்பவை 60 சொச்சம்தான்.

இங்கே சுவர்ப் பலகை இற்றுப்போனால், கெட்ட துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அதே அளவில் பைன் மரத்தை இழைத்து ஒட்டுப் போடுகிறார்கள் தச்சர்கள். 'முழுசாகவே மாற்றிவிடலாமே?' என்பீர்கள். மாற்றலாம்... அப்புறம் நிற்பது ப்ரிகன் அல்ல, அதன் நகல்!

சுவரைவிடப் பெரிய தலைவலி, அடியில். நூற்றாண்டுகளாக ஈரத்திலேயே கிடந்த அஸ்திவார மரங்கள் கெடவில்லை. நிலத்தடி நீர் இறங்கி, காற்று புகுந்த பிறகுதான் அழுக ஆரம்பித்தன. ஆக, மேலே பலகைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, கீழே மழைநீரை மண்ணுக்குள் இறக்க வேண்டியதாயிற்று!