நாளுக்கொரு மந்திரம்

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒருவர் வீரனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் ஒருவர் கள்வனாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டி ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு இன்று நம் நாட்டுப் பெருநகர இளைஞரிடையேயும் வழங்கி வருகிறது. நம் குடியிருப்புப் பிள்ளைகளுள் சிலரும் இதனை அறிந்திருக்கக்கூடும். பலகையும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை, இதில் என்ன ஆட்டம் இருக்கிறது என்று பெற்றோர் வியப்பது இயல்பே. ஆயின் இவ்விளையாட்டுக்கும் சட்டங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, பார்வைக்குச் சிறியது. ஐம்பது ஆண்டுகளாக ஆடுவோரை ஓயாது வாதாட வைத்திருப்பது. ஒரு பாத்திரம் தன் அரிய ஆற்றலை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதே அது. அவ்வொரு சட்டத்தின் வரலாற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். முதற்பதிப்பு ஆயிரம் பெட்டிகளே. இருவரும் பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டில் தேர்ந்தவர்கள். அத்தகைய போரில் மந்திரவாதி என்பவன் ஒரு பீரங்கியைப் போன்றவன். பீரங்கிக்குக் குண்டு எத்தனை என்ற கேள்வி எழாமல் இராது. ஒவ்வொரு பயணத்திலும் மந்திரவாதி இன்னின்ன படியில் இத்தனை மந்திரங்களையே நினைவில் கொள்ளலாம் என்று அவர்கள் அட்டவணை வகுத்தனர். தொடக்க நிலை மந்திரவாதிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

இக்கருத்தின் ஊற்று ஒரு கதை நூல். ஜாக் வான்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ என்னும் நூலில், கதிரவன் அணையும் தறுவாயிலுள்ள ஓர் உலகைப் படைத்தார். அங்கு முன்னாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த மந்திரங்களுள் ஏறக்குறைய நூறே எஞ்சியுள்ளன. அவையும் மிகுந்த ஆற்றல் உடையவை. ஆதலின் தூர்ஜன் என்னும் மந்திரவாதியின் மூளை ஒரே வேளையில் நான்கை மட்டுமே தாங்கும். ஓதியவுடன் மந்திரம் நினைவினின்றும் மறைந்துவிடும். மீண்டும் ஏட்டைத் திறந்து மனனம் செய்ய வேண்டும். 1976-இல் எழுதிய கட்டுரையொன்றில் கைகாக்ஸ் தாமே வான்ஸின் பெயரைச் சுட்டி இக்கடனை ஒப்புக்கொண்டார். இவ்விளையாட்டில் வரும் வெக்னா என்னும் கொடிய மந்திரவாதியின் பெயரும் வான்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துக்களை இடம் மாற்றி அமைத்ததே என்பதை இளைஞர் அறிந்து மகிழ்வர்.

ஓதியதும் மறந்துபோகும் மந்திரம் என்றவுடன் நமக்குக் கர்ணன் நினைவுக்கு வருகிறான். பரசுராமரின் சாபத்தால் வேண்டிய வேளையில் அத்திரத்தின் மந்திரம் அவனுக்கு மறந்துபோயிற்று. அதனினும் பொருத்தமானது, கவச குண்டலங்களுக்கு ஈடாக இந்திரன் அவனுக்களித்த சக்தி ஆயுதம். ஒரே முறைதான் அதனை எறியலாம். அருச்சுனனுக்கென்று அவன் பொதிந்து வைத்திருந்ததைக் கண்ணன் கடோற்கசனை ஏவி இரவுப் போரில் செலவழிக்கச் செய்தான். விஸ்கான்சின்காரர் இதனைப் பாரதத்திலிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை. ஆயினும் எண்ணிக்கைக்கு உட்பட்ட ஆற்றலைக் காப்பதா, செலவழிப்பதா என்ற தவிப்பு, மந்திரவாதியாக ஆடும் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் நேர்வது இதுவே.

கைகாக்ஸின் நோக்கம் கதைச்சுவை மட்டுமன்று. மேசையைச் சுற்றி அமர்ந்தோரிடையே நீதி. மந்திரவாதி விரும்பியபோதெல்லாம் மந்திரம் ஓதலாம் என்றால், வாளேந்தியவனாக ஆடும் மற்றொருவருக்கு அங்கே என்ன வேலை? 1978-இல் வெளிவந்த விரிந்த பதிப்பில் வீரனின் உயிர்ப்புள்ளிகளைப் பத்துமுகப் பகடையால் குறித்தனர். மந்திரவாதிக்கோ நான்குமுகப் பகடை. அவன் ஒரு மந்திரத்தை ஓதிவிட்டுத் தோழர்களின் பின்னே ஒளிந்துகொள்ள வேண்டியவன். ஐந்தாம் நிலையை எய்தினால் தீயுருண்டை எறிந்து ஒரு கூட்டத்தையே எரிப்பான். இளமையில் அவனைக் காத்த வீரனுக்குப் பிற்காலத்தில் அவன் கடன் தீர்ப்பான் என்பது கணக்கு. அழகிய கணக்குத்தான். ஆனால் அந்நிலை எய்துமுன் மாண்ட மந்திரவாதிகள் ஏராளம்.

இதனை ஏற்காதோர் அப்போதே இருந்தனர். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் நூலகராக இருந்த கென் செயின்ட் ஆந்த்ரே 1975-இலேயே ‘டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ என்னும் மற்றொரு விளையாட்டை வெளியிட்டார். அதில் மறதி இல்லை. மந்திரம் ஓதினால் உடல் வலிமை குறையும். ஓய்வெடுத்தால் சிறிது சிறிதாக மீளும். கூலியாள் மூட்டை சுமப்பது போன்றது இது. நமக்கு எளிதில் விளங்குவது. 1986-இல் வந்த ‘கர்ப்ஸ்’ என்னும் விளையாட்டும் களைப்பையே அளவுகோலாகக் கொண்டது. எனினும் பெரும்பான்மையோர் கைகாக்ஸின் நாட்கணக்கையே பின்பற்றினர்.

அந்நாட்கணக்கு தொடக்கத்தில் ஏன் செவ்வனே நடந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டுவது. ஒரே கற்பனை உலகில் நால்வர் முதல் ஐம்பதின்மர் வரை ஆடலாம் என்று 1974-ஆம் ஆண்டு நூல் கூறிற்று. நம் உலகில் ஒரு வாரம் கழிந்தால் அவ்வுலகிலும் ஒரு வாரம் கழியும். ஒரு குழு படுத்துறங்கினால் மற்றொரு குழு புதையலைக் கொண்டுபோய்விடும். நிலவறைக்குள் உறங்கினாலோ திரியும் பூதங்கள் வந்து மோதும். 1979-இல் நடுவருக்கென எழுதிய நூலில் கைகாக்ஸ் காலக்கணக்கைக் கண்டிப்புடன் எழுதிவைக்குமாறு வற்புறுத்தினார். ஒன்பதாம் படி மந்திரங்களைத் திரும்பப் பெற 12 மணி நேர ஓய்வும், அதன்மேல் மந்திரம் ஒன்றுக்கு 2 மணி 15 நிமிடப் படிப்பும் வேண்டும். ஆக, ஒரு நாள் என்பது அங்கு விலையுள்ள பொருளாக இருந்தது.

காலப்போக்கில் ஆட்டத்தின் அமைப்பு மாறிற்று. ஐம்பதின்மர் போய் ஐவர் ஆயினர். போட்டிக் குழு இல்லை. கதையோ அவர்களுக்காகவே காத்து நின்றது. நாளுக்கு விலை போய்விட்டது. ‘நாளுக்கு இத்தனை’ என்ற சட்டம் மட்டும் நின்றது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் காயம் ஆற்றும் கோல் ஒன்று 750 பொற்காசுக்குக் கிடைத்தது. ஐம்பது முறை பயன்படும். புண் இனி எவரையும் தடுக்கவில்லை. மந்திரம் தீர்ந்தால்தான் நின்றாக வேண்டும். விளைவு யாது? மந்திரவாதி முதற்போரிலேயே கையிருப்பையெல்லாம் வாரி இறைப்பான்; உடனே எல்லோரும் கூடாரம் அடித்து உறங்குவர். இதனைக் ‘கால்மணி நேர வேலைநாள்’ என்று ஆடுவோரே எள்ளி நகைத்தனர். வாள்வீரனாக ஆடியவர் வாயடைத்து அமர்ந்திருந்தார். அவரைக் காக்க வந்த சட்டமே அவரைக் கைவிட்டது.

2008-இல் நான்காம் பதிப்பு துணிந்து ஓர் அறுவை மருத்துவம் செய்தது. எல்லாப் பாத்திரங்களுக்கும், வாள்வீரனுக்கும் கூட, மூவகை ஆற்றல்களை வகுத்தது: எப்போதும் செய்யத்தக்கவை, போருக்கு ஒருமுறை செய்பவை, நாளுக்கு ஒருமுறை செய்பவை. ஐந்து நிமிட ஓய்வில் இரண்டாம் வகை மீளும். உறங்காமல் தொடர்ந்து இரண்டு போர்களைக் கடந்தோர்க்குப் பரிசும் உண்டு. சமநீதி என்று பார்த்தால் இதனை விஞ்சியது இல்லை. ஆயினும் எதிர்ப்பு பெரிதாயிற்று. மந்திரம் மறக்கும் என்றால் நம்பலாம். வாள்வீச்சு ஒன்றை நாளுக்கு ஒருமுறைதான் வீசலாம் என்றால் எங்ஙனம் நம்புவது என்றனர். வீரனும் மந்திரவாதியும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் ஆயினர் என்றும் குறைகூறினர். பழைய முறையைத் தழுவிய ‘பாத்ஃபைண்டர்’ 2009-இல் தனி விளையாட்டாக வெளிவந்து பலரை ஈர்த்தது.

அந்நான்காம் பதிப்பை முன்னின்று ஆக்கிய ராப் ஹைன்சூவும், மூன்றாம் பதிப்பை ஆக்கியவருள் ஒருவரான ஜொனாதன் ட்வீட்டும் பின்னர்க் கைகோத்து 2013-இல் ‘தர்ட்டீன்த் ஏஜ்’ என்பதை வெளியிட்டனர். அதில் உறக்கத்துக்கும் ஆற்றல் மீள்வதற்கும் தொடர்பே இல்லை. ஏறத்தாழ நான்கு போர்கள் முடிந்தால் எல்லாம் மீளும். அதற்கு முன்னரே வேண்டுமென்றால் கதையில் ஓர் இழப்பை ஏற்க வேண்டும். இரவும் பகலும் பொருளற்றுப் போவது விந்தைதான். இருப்பினும் விலை இல்லாத நாளுக்கு மீண்டும் ஒரு விலை வைத்தவர் இவ்விருவரே என்பது என் கருத்து. நாணயமான விடை இது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு நாட்கணக்குக்கே திரும்பிற்று. சிற்றோய்வு ஒரு மணி, பேரோய்வு எட்டு மணி. எளிய மந்திரங்களை எத்தனை முறையும் ஓதலாம் என்று விட்டது. நடுவர் நூலோ ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல்கள் நிகழ்வதாகக் கொண்டு கணக்கிட்டிருந்தது. வேலை முடிந்து மாலையில் மூன்று மணி நேரம் கூடும் குழுவால் எட்டுப் போர்களை எங்கே நடத்த முடியும்? ஒன்றிரண்டோடு நிறுத்தியவர்களிடம் பேரோய்வை நம்பிய மந்திரவாதி மீண்டும் ஓங்கினான். சிற்றோய்வை நம்பியவர்கள் தாழ்ந்தனர். அதே நூலில் ஒரு மாற்றுவழியும் இருந்தது. சிற்றோய்வை எட்டு மணியாகவும் பேரோய்வை ஏழு நாளாகவும் நீட்டலாம் என்பதே அது. மாலைக்கொரு போர் நடத்தும் குழுக்களுக்கு இது பெரிதும் பொருந்தும். வாரம் முழுதும் ஊரில் தங்க வேண்டுமென்றால் எவரும் முதற்போரிலேயே கையை விரிக்கமாட்டார். 2024-இல் திருத்தி வெளியிட்ட நடுவர் நூலில் ஆறு முதல் எட்டு என்ற அந்த எண்ணைக் காணோம். ஒரு நாளில் எத்தனை மோதல் என்பதை அந்தந்த மேசையின் நடுவரே முடிவு செய்துகொள்கிறார்.